நகரசபை வேட்பாளரும் நம் இல்லங்களும்

நம் முன்னோர் 'அபேட்சகர்' என்று வழங்கியவரைத்தான் நாம் இன்று 'வேட்பாளர்' என்கிறோம். பெயர் மாறிற்று, அவரை மும்பைவாழ் தமிழர் நோக்கும் நோக்கு மாறவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முடிவு வெளியாகும் நாளில் இரவெல்லாம் கண்விழித்திருக்கும் நம் அன்பர்கள், தாம் குடியிருக்கும் வட்டத்தில் நகரசபைத் தேர்தல் வந்தால், "அது இவ்வூர்க்காரர் காரியம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். காலையில் குழாயில் வரும் நீரும், தெருமுனையில் நிற்கும் குப்பை வண்டியும், மழைக்காலத்துச் சாக்கடையும், குழந்தை பயிலும் பள்ளியும் அந்த 'இவ்வூர்க்காரர் காரியத்'தில்தான் அடங்கியுள்ளன என்பதை எவரும் எண்ணுவதில்லை.

பள்ளியையே எடுத்துக்கொள்வோம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. தமிழ்நாட்டிற்கு வெளியே ஒரு நகரசபை தன் வரிப்பணத்தில் தமிழ் வழியாகக் கல்வி புகட்டுவது எளிய செய்தி அன்று. அப்பள்ளிகளில் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் மாநகராட்சியின் கல்விக் குழுவில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் வேண்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம் இதுபற்றி வினவிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? வருபவர் வாசலில் நின்று, "வணக்கம் அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று அன்று காலை கற்ற தமிழில் கேட்டுவிட்டாலே நம் உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. தாராவியில் இந்த ஒரு வாக்கியத்திற்கு உள்ள மதிப்பை எல்லாக் கட்சியினரும் நன்கு அறிவர்.

கேட்பதற்கு உறுப்பினரே இல்லாத காலத்தையும் நாம் கண்டோம். 2017 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பெற்ற மாநகராட்சி அவையின் ஆயுள் 2022 மார்ச்சில் முடிந்தது. ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்பது 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் விதி. எனினும் பிற்பட்ட வகுப்பினர்க்கான ஒதுக்கீடு பற்றிய வழக்கும், வட்டங்கள் 227-ஆ 236-ஆ என்னும் பூசலும் குறுக்கிட, 227 என்றே முடிவாகி, 2026 ஜனவரி 15 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகளும் ஆணையரே ஆட்சியாளராக இருந்து நிர்வகித்தார். அந்நாட்களில் தாராவிவாசி ஜி-வடக்கு அலுவலகத்திற்கும், சயான், மாட்டுங்கா வாசிகள் எஃப்-வடக்கு அலுவலகத்திற்கும் தாமே மனுவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எழுத்தும் மராத்தியும் அறிந்தவர் சமாளித்தார். அறியாதவரின் மனுவை யார் எழுதினார்கள், எந்த மேசையில் அது தங்கியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உறுப்பினரால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் இம்மாநகராட்சியில் நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையர் கையில் உள்ளது. உறுப்பினர்கள் கூடி வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறார்கள். பெரிய ஒப்பந்தங்கள் நிலைக்குழுவின் இசைவு பெற வேண்டும். ஆதலின் "நான் வந்தால் குழாய் போடுவேன்" என்பவர் இலக்கணப் பிழை செய்கிறார்; "போடச் செய்வேன்" என்பதே சரி. எப்படிச் செய்விப்பார் என்று கேட்பது வாக்காளரின் உரிமை.

ரயில்வேயில் எழுத்தனாகப் பணிபுரியும் நான் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. இருப்புப்பாதையை ஒட்டிய குடியிருப்புகளில் வாக்குக் கேட்க வருவோர், "இந்தச் சாக்கடையை ஒரே வாரத்தில் தூர் வாருவேன்" என்று கை கூப்புகிறார்கள். சாக்கடை ஓடும் நிலமோ ரயில்வேயுடையது! தண்டவாளத்தின் கீழுள்ள சிறுபாலங்களைத் தூய்மை செய்வது ரயில்வேயின் பணி. மாநகராட்சி அதற்குப் பணம் தருகிறது. இரண்டு அலுவலகங்களும் ஒத்துப்போனாலன்றி ஜூன் மாதத்து நீர் வடியாது. இதனை அறிந்து, "ரயில்வேக்கு எழுதி, மழைக்கு முன் பணத்தை அனுப்பச் செய்வேன்" என்று கூறும் வேட்பாளரைக் கண்டால், அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என் மதிப்பு அவருக்கே.

இனி, நம்மவர் வேட்பாளராக நிற்பது பற்றி. என்னைப் போன்றவர் நிற்க இயலாது. 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், உள்ளாட்சித் தேர்தல்களிலும் ஊழியர் போட்டியிடுவதையும் ஆதரவு திரட்டுவதையும் தடுக்கின்றன. வாக்களிக்கலாம், யாருக்கு என்பதை வெளியிடலாகாது. ஊழியர் தம் உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டுவதும் குற்றமே. எனவே மனைவி தேர்தலில் நின்றாலும் கணவர் அவருடைய சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்ள முடியாது. ஆனால் மனைவி நிற்பதற்கு இவ்விதிகளில் தடை இல்லை. மகாராஷ்டிரத்தில் 2011 முதல் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கே உரியது. எந்த வட்டம் பெண்களுக்கு என்பதைத் தேர்தலுக்கு முன் குலுக்கலில் எடுக்கிறார்கள். குலுக்கல் முடிந்த மறுநாள் அவ்வட்டத்து ஆண் தலைவர்கள் தம் மனைவியரின் புகைப்படத்தைத் தேடுவது ஊரறிந்த வேடிக்கை. நம் இல்லங்களிலோ மகளிர் குழுக்களை நடத்திக் கணக்கெழுதி, நியாய விலைக் கடையில் வாதாடி, மராத்தியும் இந்தியும் நன்கு பேசும் தாய்மார் பலர் உள்ளனர். அவர்களை எவரும் கேட்பதில்லை. அவர்களும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

வயது 21 நிரம்பியிருந்தால் போதும். 2001 செப்டம்பர் 12-க்குப் பின் பிறந்த குழந்தையால் மக்கள் தொகை இரண்டைக் கடந்திருந்தால் தகுதி இல்லை. இதைவிடப் பெரிய தடை ஒன்று நம்மில் பலரைத் தாக்குகிறது. தமிழ்நாட்டில் அட்டவணைச் சாதியினர் எனச் சான்று பெற்றவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அம்மாநிலத்து ஒதுக்கீட்டை அச்சான்றின் பேரில் கோர முடியாது. பம்பாயின் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் வேண்டிய மாணவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் இவ்வாறே தீர்ப்பளித்தது. 2018-இல் வேலை ஒதுக்கீடு பற்றிய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அக்கொள்கையை உறுதி செய்தனர். தோல் பதனிடவும் துப்புரவுப் பணி செய்யவும் வந்து இந்நகரைத் தாங்கியவர்களின் பேரக் குழந்தைகள், தம் தெரு அமைந்த வட்டம் தனி வட்டமானால் அங்கு நிற்க இயலாது. பொது வட்டத்தில்தான் நிற்கலாம். இது நீதியா என்று சட்டம் பயின்றவர்கள் எழுத வேண்டும். என் மனம் ஒப்பவில்லை.

"நம் நாலு வீட்டு வாக்கால் என்ன ஆகிவிடும்?" என்பார் உளர். 2017 தேர்தலில் கிர்காவ் பகுதியின் 220-ஆம் வட்டத்தில் பாரதிய ஜனதா வேட்பாளரும் சிவசேனை வேட்பாளரும் ஆளுக்கு 5,946 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். சீட்டுக் குலுக்கிப் பாரதிய ஜனதா வேட்பாளரை வென்றவர் என அறிவித்தனர். அவ்வட்டத்தில் அன்று மதிய உணவுக்குப் பின் படுத்துறங்கிய ஒருவர் எழுந்து சென்றிருந்தால் குலுக்கலே வேண்டியிராது.

மும்பையில் வட்டத்திற்கு ஒருவர்தான். தாணே, கல்யாண்-டோம்பிவிலி போன்ற அண்டை மாநகராட்சிகளில் ஒரே பிரிவிலிருந்து மூவர் நால்வர் தேர்ந்தெடுக்கப்படுவதால், அங்கு வாழும் அன்பர்கள் ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனியே பொத்தானை அழுத்த வேண்டும். ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்ப முற்படுவோரைச் சாவடி அலுவலர் மீண்டும் அழைப்பதுண்டு.

எல்லாவற்றிற்கும் முதற்படி வாக்காளர் பட்டியல். சட்டமன்றப் பட்டியலையே வட்டவாரியாகப் பிரித்து நகரசபைக்கும் பயன்படுத்துகிறார்கள். இங்கேதான் நம் பெயர்கள் படும் பாடு! இவ்வூர் வழக்கம் குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் என மூன்று கேட்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு முன்னெழுத்தும் ஒரு பெயரும். அதனால் எஸ். முத்துலட்சுமி ஓரிடத்தில் முத்துலட்சுமி சுப்பிரமணியன் ஆகிறார். மற்றோரிடத்தில் சுப்பிரமணியன் முத்துலட்சுமி ஆகிறார். பள்ளிச் சான்றிதழில் ஊர்ப் பெயரும் சேர்ந்துகொள்கிறது. வாக்களிக்கும் அன்று இது சிறு தொல்லை. வேட்புமனுவைப் பரிசீலிக்கும் நாளிலோ எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இது கிடைத்தற்கரிய விருந்து. மனுவை முன்மொழிபவர் அவ்வட்டத்துப் பட்டியலில் உள்ளவராக இருத்தல் வேண்டும். அவர் பெயரும் இவ்வாறே ஆராயப்படும். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, பிழை திருத்தவும் வீடு மாறியதைப் பதியவும் படிவம் 8. தேர்தல் அறிவிப்பு வந்தபின் ஓடினால் அப்பட்டியலில் இடம் கிடைக்காது. நம் சங்க உறுப்பினர்கள் வருகிற ஞாயிறன்று வீட்டிலுள்ள ஆதார், பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை மூன்றையும் ஒரே மேசைமேல் பரப்பி, மூன்றிலும் அம்மாவின் பெயர் ஒரேமாதிரி இருக்கிறதா என்று பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.