‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

மென்பொருள் உருவாக்குவோருக்கு வரும் புகார்களில் மிகவும் சுருக்கமானது, மிகவும் பயனற்றதும்கூட, “வேலை செய்யவில்லை” என்பதுதான். எது வேலை செய்யவில்லை, என்ன செய்தபோது நின்றது, நேற்று வரை ஓடியதா என்பது எதுவும் அதில் இருக்காது. பள்ளியில் மடிக்கணினி பழுதானால் நாமும் அப்படித்தான் சொல்கிறோம். அங்கே பழுது பார்ப்பவர் எதிரே நிற்கிறார். இரண்டு கேள்வி கேட்டு மீதியைத் தெரிந்துகொள்வார். மென்பொருளை எழுதியவரோ ஆறேழு மணி நேர வித்தியாசத்தில் வேறொரு கண்டத்தில் இருப்பார். நம் திரை அவருக்குத் தெரியாது.

அந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாக ஐந்தாறு வாக்கியம் எழுதத் தெரிந்த பயனாளர்களால் வளர்ந்த ஒரு மென்பொருளைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதன் பெயர் ஆர்க் மோட். குறிப்பெடுக்க உதவும் இந்த நீட்சி, ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்திக்குள் இயங்குகிறது. இரண்டும் இலவசம். ஈமேக்ஸின் இன்றைய வடிவமான குனூ ஈமேக்ஸ் 1985ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது. ஆர்க் மோட் 2007 முதல் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

ஒரு வானியலாளரின் எரிச்சல்

ஆர்க் மோட்டை உருவாக்கியவர் கணினி நிறுவனம் எதையும் சேர்ந்தவர் அல்லர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசித் தட்டுகளில் கோள்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்பவர். 2003ல் தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்த அவர் ஈமேக்ஸை நாடினார். தலைப்புகளை மடக்கவும் விரிக்கவும் ஈமேக்ஸில் ஏற்கெனவே ஒரு வசதி இருந்தது. ஆனால் அதற்குப் பதினொரு கட்டளைகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று விசைகள். இதை ஏற்க முடியாது என்று முடிவுசெய்து, டேப் விசை ஒன்றை அழுத்தினாலே தலைப்பு மடங்கி விரியும்படி அவர் எழுதியதுதான் தொடக்கம்.

கோப்பின் வடிவம் மிக எளிது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத் தலைப்பு. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு குறிச்சொல், கெடு நாளுக்கு ஒரு தேதி, அட்டவணைக்கு நேர்க்கோடுகள். எல்லாம் விசைப்பலகையில் உள்ள குறிகளே. நோட்பேடில் திறந்தாலும் அப்படியே படிக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று போதும். எவர்நோட் நிறுவனம் 2023 டிசம்பரில் தன் இலவசச் சேவையை 50 குறிப்புகள், ஒரு குறிப்பேடு என்று சுருக்கியது. பழைய குறிப்புகள் அழிக்கப்படவில்லை. புதியவை சேர்க்கத்தான் தடை. ஆனாலும் நான்கு ஆண்டுப் பாடக்குறிப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்த மாணவருக்கு அது சிறிய செய்தி அல்ல. வெறும் உரைக்கோப்பாக இருப்பதை யாரும் இப்படிச் சுருக்க முடியாது. ஆர்க் மோட் நாளையே நின்றுபோனாலும் கோப்பு நம்மிடம் இருக்கும்.

கேட்டவர்கள் கட்டியது

ஆர்க் மோட்டின் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டுபவர்கள் குறைவு. அங்கே டொமினிக் ஒரு நன்றிப் பட்டியல் வைத்திருக்கிறார். நிரல் எழுதித் தந்தவர்கள் அதில் உண்டு. அவர்களுக்குச் சமமாக, கேட்க மட்டும் செய்தவர்களும் உண்டு. அகலமான அட்டவணைப் பத்தியைக் குறுக்க வழி வேண்டும் என்றார் ஒருவர். அடிக்குறிப்பு வேண்டும் என்று முன்மொழிந்தார் இன்னொருவர். குறிப்புகளுக்குள் கணிதச் சமன்பாடு எழுத வேண்டும் என்று கேட்ட ஒருவர், அது வந்ததும் தாமே சோதித்தும் பார்த்தார். வேறொருவர் செய்தது, இந்த விசைகள் மற்ற நீட்சிகளின் விசைகளோடு மோதுகின்றன என்று சுட்டிக்காட்டியது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி.

அந்தப் பட்டியலில் டி.வி. ராமனும் இருக்கிறார். புனேயில் பிறந்து, பதின்ம வயதில் பார்வையிழந்து, பம்பாய் ஐஐடியிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்து, பின்னர் கூகலில் சேர்ந்தவர். ஈமேக்ஸைத் திரை பார்க்காமலேயே காதால் கேட்டுப் பயன்படுத்த உதவும் ஈமேக்ஸ்பீக்கை 1995ல் வெளியிட்டவரும் அவரே. அவ்வளவு பெரிய ஆளைப் பற்றிக் கையேடு சொல்வது, பிழைகளைத் தெரிவித்தார், மேம்பாடுகளைப் பரிந்துரைத்தார் என்பது மட்டும்தான். எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது.

உடைந்தது எது?

பிழை தெரிவிப்பவர்களிடம் கையேடு மூன்று கேள்விகள் கேட்கிறது. சரியாக என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? அதற்குப் பதிலாக என்ன நடந்தது? அறிவியல் கூடத்தில் செய்முறை, கணிப்பு, கண்டறிந்தது என்று எழுதுவோமே, கிட்டத்தட்ட அதேதான். பெரும்பாலான புகார்கள் இரண்டாம் கேள்வியில் சறுக்குகின்றன. எதிர்பார்ப்பைச் சொல்லாவிட்டால், நடந்தது பிழையா இல்லையா என்று படிப்பவரால் தீர்மானிக்க முடியாது.

ஏனெனில் பல நேரங்களில் அது பிழையே இல்லை. ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்துவிட்டு பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் புள்ளி மட்டும் போய் ‘தமிழ’ என்று நிற்கும். எழுத்து முழுவதும் அழியும் என்று எதிர்பார்த்தவருக்கு அது கோளாறாகத் தோன்றும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்; கடைசியாகத் தட்டிய பகுதியை மட்டும் திருத்த அதுவே வசதி.

ஆர்க் மோட் பயனாளர்களைப் பெரிதும் குழப்பிய சம்பவம் ஒன்று உண்டு. நிரல் துண்டு எழுத ஒரு கட்டம் வேண்டுமானால், < என்ற குறியுடன் ஆங்கில எஸ் எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் போதும் என்று பல ஆண்டுகள் இருந்தது. விரல்களுக்குப் பழகிப்போன ஒன்று. 9.2 பதிப்பில் அது திடீரென நின்றது. ஈமேக்ஸ் 26உடன் வந்தது 9.1 வரிசை, 27உடன் வந்தது 9.3. அதனால் ஆர்க் மோட்டைத் தொடாமல் ஈமேக்ஸை மட்டும் புதுப்பித்தவர்களுக்கும் இந்த அதிர்ச்சி கிடைத்தது. “நான் எதையும் மாற்றவில்லையே!”

உண்மையில் வசதி நீக்கப்படவில்லை. ஏற்கெனவே எழுதிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிக் கட்டம் போட உதவும் புதிய முறை வந்தது. பழைய முறை ஆர்க் டெம்போ என்ற தனிக்கூறாக ஒதுக்கப்பட்டது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அது திரும்பிவிடும். மாற்றக் குறிப்பில் இதெல்லாம் எழுதியிருந்தது. புதுப்பித்த பிறகு ஒன்று நின்றுபோனால் புகார் எழுதும் முன் மாற்றக் குறிப்பைத் திறந்து பாருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். என்றாலும், குறிப்பில் எழுதிவிட்டோம் என்பது முழுச் சமாதானம் ஆகாது. பழகிய விசையை எடுக்கும்போது அதே இடத்தில் ஒரு வரி அறிவிப்பு காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து. இதுவும் ஒரு பரிந்துரைதான்.

இன்னொரு கோளாறு, பார்த்தவுடன் புரியாது. ஈமேக்ஸுடன் வரும் ஆர்க் மோட் ஒரு பதிப்பு. அதற்கு மேல் நாம் புதிய பதிப்பை நிறுவும்போது பாதி நிரல் பழையதிலிருந்தும் பாதி புதியதிலிருந்தும் ஏறிவிடுவதுண்டு. அப்போது வரும் பிழைச் செய்திகளுக்கும் நாம் செய்த காரியத்துக்கும் தொடர்பே இருக்காது. ஆர்க் மோட்டிடமே அதன் பதிப்பு எண்ணைக் கேட்டால், நிறுவல் கலந்திருப்பதை அது சொல்லிவிடும். ஆகவே பதிப்பு எண் என்பது புகாரில் சும்மா நிரப்பும் கட்டம் அல்ல. சில சமயம் விடையே அதில்தான் இருக்கிறது.

பாதியாக வெட்டுங்கள்

ஈமேக்ஸைச் சொந்த அமைப்புகள் எதுவும் இல்லாமல், பெட்டியிலிருந்து பிரித்தெடுத்தது போலத் தொடங்க ஒரு வழி இருக்கிறது. அப்படித் தொடங்கியதும் கோளாறு மறைந்துவிட்டால், குற்றம் நம் அமைப்புக் கோப்பில். அந்தக் கோப்பு 200 வரி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியாக நீக்கிப் பார்த்தால் மாலை போய்விடும். பாதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோளாறு இருந்தால் அது மீதமுள்ள 100 வரிக்குள். இல்லையென்றால் நிறுத்திய 100க்குள். மறுபடி 50, பிறகு 25. எட்டே முறையில் ஒரு வரிக்கு வந்துவிடலாம். கணினிப் பாடத்தில் படிக்கும் இருமத் தேடல் இதுவே. தேர்வுத்தாளுக்கு வெளியே அது வேலை செய்வதைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி. இரண்டு வரிகள் சேர்ந்து சண்டையிட்டால் மட்டும் இது கொஞ்சம் தடுமாறும்.

கோளாறு மறையாமல் நின்றால், அடுத்த வேலை எடுத்துக்காட்டைச் சுருக்குவது. 900 வரி வரலாற்றுக் குறிப்பை அனுப்பினால் யார் படிப்பார்? அதே கோளாறைக் காட்டும் ஐந்து வரி போதும். ஆர்க் மோட் வட்டாரத்தில் இதை ‘முழுமையான, மிகச் சிறிய எடுத்துக்காட்டு’ என்ற பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகளால் அழைக்கிறார்கள். முழுமை, சிறுமை இரண்டும் வேண்டும். பாதி படத்தை அனுப்புவதும் பயனில்லை, எல்லாவற்றையும் கொட்டுவதும் பயனில்லை. புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டேத்தம் 1999ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். கோளாறு நிரலாளரின் கண்முன்னே நிகழும்படி செய்வதே புகாரின் நோக்கம் என்பது அதன் சாரம். எடுத்துக்காட்டைச் சுருக்கும்போதே தோழர் பெயர், மதிப்பெண், தொலைபேசி எண் ஆகியவற்றையும் அகற்றிவிடுங்கள். புகார்கள் பொதுவில் காணக் கிடைப்பவை.

தமிழ் அட்டவணையின் சிக்கல்

நம் இளையர் இதில் உடனே கண்டுகொள்ளக்கூடிய ஒரு குறையும் இருக்கிறது. ஆர்க் மோட்டில் அட்டவணை எழுதி டேப் விசையை அழுத்தினால், இடைவெளிகளைச் சேர்த்துப் பத்திகளை நேராக்கிவிடும். ஆங்கிலத்தில் கச்சிதமாக இருக்கும். ‘தமிழ்’, ‘கணிதம்’, ‘புவியியல்’ என்று பாடங்களை எழுதிப் பாருங்கள். நேர்க்கோடுகள் வரிக்கு வரி நெளியும்.

காரணம், அகலத்தை எண்ணிக்கையால் கணிப்பது. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆங்கிலத்துக்கான சம அகல எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே இடத்தைப் பிடிக்கும். தமிழ் எழுத்துருக்களில் ‘ணௌ’வும் ‘ர’வும் ஒரே அகலத்தில் இருக்க வாய்ப்பில்லை. எத்தனை இடைவெளி சேர்த்தாலும் கோடு சரியாக நிற்காது. திரையில் உள்ள உண்மையான அகலத்தைப் புள்ளிக் கணக்கில் அளந்து அட்டவணையை நேராக்கிக் காட்டும் வேலைன் என்ற துணை நீட்சி ஒன்றும் உண்டு.

இப்போது, “ஆர்க் மோட்டில் தமிழ் வேலை செய்யவில்லை” என்று எழுதினால் யாரால் என்ன செய்ய முடியும்? எழுத்துருவா, ஈமேக்ஸா, ஆர்க் மோட்டா என்பதே தெரியாது. இரண்டு வரி அட்டவணை, எழுத்துருவின் பெயர், பதிப்பு எண்கள், திரைப்படம் ஒன்று, எழுத்துருவை மாற்றியபோது நெளிவு கூடியதா குறைந்ததா என்ற ஒரு வாக்கியம். இவ்வளவு இருந்தால் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத நிரலாளரும் சிக்கலைப் பார்த்துவிடுவார். இந்தத் தகவலை அவரால் தாமாகத் திரட்ட முடியாது. தமிழில் குறிப்பெடுப்பவர்தான் தர முடியும்.

தீர்வை அல்ல, தேவையைச் சொல்லுங்கள்

மேம்பாடு கேட்பது பிழை தெரிவிப்பதைவிடக் கடினம். “மேலே ஒரு பொத்தான் வையுங்கள்” என்று எழுதுபவர் தீர்வைக் கேட்கிறார். “ஒவ்வொரு வாரமும் ஐந்து பாடக் கோப்புகளிலிருந்து அடுத்த வாரக் கெடு நாள்களைத் தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கிறது” என்று எழுதுபவர் தேவையைச் சொல்கிறார். இரண்டாவதற்குப் பொத்தானே தேவைப்படாது. எல்லாக் கோப்புகளிலிருந்தும் கெடு நாள்களைத் திரட்டிக் காட்டும் நிகழ்ச்சி நிரல் வசதி ஆர்க் மோட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்ற பதில் வரும். முதலாமவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மௌனம்.

மறுப்பும் வரும். பராமரிப்பவர்கள் தொண்டூழியர்கள், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொன்றையும் அடுத்த பத்தாண்டுக்குக் காக்க வேண்டியவர்கள் அவர்களே. 9.2 பதிப்பில் ஒரு விசைக்கு நேர்ந்ததைப் பார்த்தோம்.

ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குபவர்கள், அந்தப் பிரெஞ்சு முதலெழுத்துகளை நினைத்துக்கொள்ளலாம். அங்கே எழுதுபவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கையேட்டில் புரியாத வாக்கியம் ஒன்றைத் திருத்தி அனுப்பலாம். பெரிய பங்களிப்புகளுக்குப் பதிப்புரிமையை மாற்றிக்கொடுக்கும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 15 வரிக்குக் குறைவான திருத்தத்துக்கு அந்தப் படிவமும் வேண்டாம்.