‘தி’ என்னும் இணைப்புச்சொல்: கியூபெக் மக்களின் இரட்டைக் குடும்பப்பெயர்கள்

கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படிப்போர், குடும்பப்பெயரை அடுத்து ‘தி’ என்றொரு சிறுசொல்லும் அதன்பின் இன்னொரு பெயரும் நிற்பதை அடிக்கடி காண்பர். ‘உதோன் தி போலியூ’ என்பது அத்தகையது. ‘சொல்லுதல்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த அச்சொல்லை ‘எனப்படும்’ எனத் தமிழாக்கலாம். சோழர் கல்வெட்டுகளில் மன்னனின் பட்டப்பெயரையும் இயற்பெயரையும் இணைக்கும் ‘ஆன’ என்பதும், இக்காலப் பத்திரங்களில் வரும் ‘என்கிற’ என்பதும் ஏறத்தாழ இதே பணியைச் செய்கின்றன. ஆயினும் கியூபெக்கில் இவ்வாறு இணைந்த இரு பெயர்களும் பிள்ளைகளுக்கும் இறங்கின. அவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டனர். அல்லது ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டனர். குடிவழி தேடுவோரின் இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது.

இவ்வழக்குப் பரவியதில் படைவீரருக்குப் பெரும் பங்குண்டு. 1665இல் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 1,200 வீரர், அன்று பிரான்சின் குடியேற்றமாயிருந்த இந்நாட்டில் வந்திறங்கினர். அவர்களுள் சுமார் 400 பேர் திரும்பிச் செல்லாமல் இங்கேயே குடியமர்ந்தனர். படையில் ‘போர்ப்பெயர்’ ஒன்றைத் தாங்குவது பிரெஞ்சு வீரரின் மரபு. ஜான், பியேர், ஜாக் எனச் சில ஞானஸ்நானப் பெயர்களே திரும்பத் திரும்ப வழங்கிய காலத்தில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய அது உதவியது. ‘லாஃப்ளேர்’ என்றால் மலர், ‘சான்சூசி’ கவலையற்றவன், ‘வாதெபோன்கேர்’ மனமுவந்து செல்பவன். வாளேந்தியவனுக்கு மலரின் பெயரைச் சூட்டியோர் நகைச்சுவை அறிந்தவர்களே. வேறு சில அடைபெயர்கள் நிலத்தாலும் பிறந்த ஊராலும் அமைந்தன.

ஊரைக் குறிக்கும் அடைபெயரைப் பிறப்புச் சான்றாகக் கொள்வதில் நமக்கு எச்சரிக்கை வேண்டும். 1759இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் மோதிய ஆபிரகாம் சமவெளி, ஆபிரகாம் மார்த்தன் என்னும் குடியேறியின் பெயரால் வழங்குவது. ‘ஸ்காட்லாந்துக்காரர்’ என்பது அவரது அடைபெயர். அவர் அந்நாட்டில் பிறந்தவரா என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. மாறாக, ‘சுவிஸ்காரர்’ எனப்பட்ட பியேர் மிவில் மெய்யாகவே சுவிட்சர்லாந்தினர். அவர் மகன் ஜாக் ஏற்றதோ ‘தெஷேன்’ என்னும் பெயர். ஓக் மரங்களைச் சுட்டுவது. அதனால் ஒரே மூதாதையின் வழியினர் இன்று மிவில் என்றும் தெஷேன் என்றும் இரு பெயர்களில் வாழ்கின்றனர். ஒரு பெயரை மட்டும் பற்றிக்கொண்டு தேடுபவர் தம் உறவில் பாதியைக் காணாமலே நின்றுவிடுவார்.

1840 முதல் 1930 வரை ஏறத்தாழ 9 இலட்சம் பேர் கியூபெக்கிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றபோது சிக்கல் மேலும் இறுகியது. ‘பசுங்காடு’ எனப் பொருள்படும் புவாவேர் சில குடும்பங்களில் கிரீன்வூட் ஆயிற்று; ‘அரசன்’ எனப் பொருள்படும் ருவா, கிங் ஆயிற்று. ஒலியைப் பற்றித் தேடினால் இவை அகப்படமாட்டா. பொருளைப் பற்றித் தேட வேண்டும்.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் நூல் அறுபடாமல் காத்தவை பெண்களின் பெயர்களே. பதிவேடுகளில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். முதல்முறை மணம் புரிவோரின் திருமணப் பதிவில் இருவரின் தந்தையரோடு தாயரின் பெயர்களும் பொதுவாக இடம்பெற்றன. ஆகவே கணவனின் பெயர் இடையில் மாறினாலும், மனைவியின் பெயரும் தாயின் பெயரும் பொருந்துவதைக் கொண்டு ஒரு திருமணத்திலிருந்து முந்தைய திருமணத்திற்கு ஏறிச் செல்லலாம். சிப்ரியன் தாங்கே என்னும் பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட குடிவழி அகராதி இப்பதிவேடுகளை அடித்தளமாகக் கொண்டதே. மான்ட்ரியல் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத்திட்டம் அவற்றைக் கணினியில் இணைத்தது. மணத்திற்குப் பின்னரும் பெண் தன் பிறப்புப் பெயரையே தாங்க வேண்டும் என்பது 1981 முதல் கியூபெக்கின் சட்டமாகவும் உள்ளது.