ஒற்றை ஆளுக்கு ஒரு மேசை

உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் அழகான ஊர் இல்லை. 1966 ஏப்ரல் 26 அதிகாலையில் வந்த நிலநடுக்கம் பழைய நகரத்தின் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதன்பிறகு சோவியத் குடியரசுகள் ஆளுக்கொரு பகுதியாகக் கட்டிக்கொடுத்த நகரம்தான் இன்று நாம் பார்ப்பது. அகலமான சாலைகள், ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள். ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்கு நடப்பதற்குள் கால் கெஞ்சும். டிராவல்ஸ்காரர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு ராத்திரி தங்கவைத்துவிட்டு, மறுநாள் காலையில் சமர்கண்டுக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். ஆனாலும், தனியாகப் போன வெளிநாட்டு ஊர்களில் எனக்கு அதிக நிம்மதி தந்தது தாஷ்கண்ட்தான்.

குடும்பத்தோடு போகும்போது ஓர் ஊரின் குறையில் பாதி நம் கண்ணில் படாது. பசித்தால் யாராவது ஓட்டல் தேடுவார்கள். வழி தப்பினால் யாராவது விசாரிப்பார்கள். தனியாகப் போனால்தான் அந்த ஊர் ஒற்றை ஆளை எப்படி நடத்துகிறது என்பது தெரியவரும். ஒருத்திக்கு மட்டும் முகம் சுளிக்காமல் சாப்பாடு போடுகிறார்களா? இருட்டிய பிறகு ரயிலில் நிம்மதியாக உட்கார முடிகிறதா? காய்ச்சல் வந்தால் மருந்து கிடைக்கிறதா? நாற்பதைத் தாண்டிய பெண்ணாக எனக்கு இந்தக் கேள்விகள்தான் முக்கியம். கோபுரமும் கோட்டையும் அதற்கு அப்புறம்தான்.

தாஷ்கண்ட் மெட்ரோ 1977-ல் ஓடத் தொடங்கியது. மத்திய ஆசியாவில் அதுதான் முதல் மெட்ரோ. போர்க்காலத்தில் மக்கள் பதுங்கும் இடமாகவும் பயன்படும்படி கட்டியதால், 2018 வரை உள்ளே படம் எடுக்கவே விடவில்லை. 'கோஸ்மோனாவ்ட்லார்' என்ற விண்வெளி வீரர்கள் நிலையத்தில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். கருநீலத்தில் தொடங்கி மெல்ல வெளுத்துப்போகும் பீங்கான் சுவர்களில் ககாரின், தெரஷ்கோவா முகங்கள் வட்ட வட்டமாகப் பதிந்திருக்கின்றன. அதே சுவரில் 15-ம் நூற்றாண்டில் வானத்தை அளந்த உலூக் பெக்கும் இருக்கிறார்.

அதைவிட என்னை அசத்தியது ரயில் பெட்டிக்குள் நடந்த ஒரு சின்ன விஷயம். நான் ஏறியதும் காதில் ஒயர் மாட்டிய ஒரு கல்லூரிப் பையன் சட்டென்று எழுந்தான். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கதவோரம் போய் நின்றுகொண்டான். பக்கத்தில் பூப்போட்ட தலைத்துணி கட்டியிருந்த அம்மா, காலியான இருக்கையைத் தட்டிக் காட்டி, "ஹிந்துஸ்தான்?" என்றார். ஆமாம் என்றதும் தங்கப்பல் தெரியச் சிரித்து, "ராஜ் கபூர்!" என்றார். அடுத்து விரலில் மோதிரத்தைக் காட்டி, வீட்டுக்காரர் எங்கே என்று சைகையில் கேட்டார். குழந்தைகள் எத்தனை என்றும் கேட்டார். நம்மூர் பஸ்ஸில் இந்தக் கேள்விகள் எனக்கு எரிச்சல் தரும். அங்கே தரவில்லை. இறங்கும்போது கைப்பையிலிருந்து இரண்டு வாதுமைப் பழம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

சோர்சு சந்தையின் பெரிய நீலக் குவிமாடத்துக்குக் கீழே இறைச்சிதான் ராஜா. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். அச்சுக்குத்திய வட்ட ரொட்டி, தக்காளி வெங்காய சாலட், பூசணி வைத்த சம்சா எல்லாம் கிடைக்கும். காரம் வேண்டுமா? கொரியப் பெண்கள் கேரட்டை நூலாகச் சீவி, பூண்டும் மிளகாயும் போட்டு ஊறவைத்து விற்கிறார்கள். தாஷ்கண்டில் கொரியர்களா என்று கேட்கலாம். 1937-ல் ஸ்டாலின் அரசு ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்த கொரியர்களை ரயில்களில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டது. சீன முட்டைக்கோஸ் கிடைக்காத இடத்தில் கேரட்டை வைத்துக் கிம்ச்சிக்கு மாற்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

தேநீர்க்கடைகள் பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். பழைய பகுதியில் நான் போன 'சாய்கானா' முழுக்க முழுக்க ஆண்களின் இடம். ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்ததும் பேச்சு ஒரு நிமிஷம் நின்றது. எனக்கும் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. பரிமாறுகிற பையன் பச்சைத் தேநீர்ப் பானையைக் கொண்டுவந்து, கிண்ணத்தில் ஊற்றி, மறுபடி பானையிலேயே கவிழ்த்து, அப்படி மூன்று முறை செய்துவிட்டு வைத்தான். அது அவர்கள் வழக்கம். எதிர் மேசைப் பெரியவர் தன் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தனுப்பினார். பேச்சு மறுபடி தொடங்கியது. ஆனால் கடைசிவரை அங்கே இன்னொரு பெண் வரவே இல்லை.

இந்த ஊரில்தான் 1966 ஜனவரி 10 அன்று பாகிஸ்தானோடு தாஷ்கண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அன்றிரவே, 11-ம் தேதி பிறந்த சில மணி நேரத்தில் காலமானார். அவருக்குச் சிலை வைத்து, ஒரு தெருவுக்கும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். போனால் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

சமர்கண்டைப் பற்றி ஊரே புகழும். எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரசாக்களும் பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தைத் துடைத்துத் துடைத்துப் பயணிகளுக்கான காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள். அழகான பாதைக்குப் பக்கத்திலேயே சுவர் எழுப்பி, ஜனங்கள் வாழும் பழைய தெருக்களை மறைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு கதவைத் தாண்டினால் மண்வீடு, கொடியில் காயும் துணி, திண்ணையில் பாட்டி என்று உயிருள்ள ஊர் இருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஷாஹி ஜிந்தா சமாதிகளுக்குப் போனபோதுதான் மனசு லேசானது. அங்கே உள்ளூர்ப் பெண்கள் குடும்பம் குடும்பமாக வந்து, படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கணக்கு ஒன்றாக வந்தால் வேண்டுதல் பலிக்குமாம்.

இஸ்தான்புல்லில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று சுல்தானகமெத். பத்தடிக்கு ஒருவர் "எந்த நாடு மேடம்?" என்று தொடங்கிக் கம்பளக் கடையில் முடிப்பார். மீட்டர் போட மறுத்த டாக்ஸிக்காரரோடு நடுத்தெருவில் சண்டை போட்டதும் அங்கேதான். ஹாகியா சோபியா 2020-ல் மறுபடி மசூதியானது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம், மேல்மாடத்துக்கு மட்டும்தான் அனுமதி. கொடுத்துவிட்டுப் போனேன். கி.பி. 537-ல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்துக்கு அது தகும். ஆனால் வெளியே வந்ததும் அந்தப் பேட்டையில் இருக்கப் பிடிக்கவில்லை.

இன்னொரு ஊர் படகில் இருக்கிறது. எமினோனுவிலிருந்து ஆசியக் கரையில் உள்ள கடிக்கோய்க்கு இருபது நிமிஷம். நீராவிக் காலத்திலிருந்து, 1850-களிலிருந்தே, இந்த ஊர் ஜனங்கள் இப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். வெளிப்பெஞ்சில் உட்கார்ந்தால் தட்டில் தேநீரோடு ஆள் வருவார். எள் தூவிய வளைய ரொட்டியைப் பிட்டுக் கடற்பறவைகளுக்கு எறிகிறார்கள். ராத்திரிப் படகிலும் புத்தகம் படித்தபடி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு 'எஸ்னாஃப் லொகந்தா'வைத் தேடுங்கள். கடைத்தெரு ஆட்களுக்கான மெஸ் அது. ஆவி பறக்கும் தட்டுகளில் பத்துப் பதினைந்து வகை இருக்கும். விரலைக் காட்டினால் போதும். பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், சோறு, ரொட்டி. மொழியும் வேண்டாம், துணையும் வேண்டாம். அங்கே பாதிப் பேர் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

அந்த ஊரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ராத்திரி பத்து மணி. தெருவில் மருந்துக்கடை மூடிக் கிடந்தது. தனியாகப் போகிறவர்கள் உள்ளூரப் பயப்படும் நேரம் அதுதான். ஆனால் துருக்கியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: இன்றிரவு எந்தக் கடை முறை என்று ஒவ்வொரு மருந்துக்கடை வாசலிலும் முகவரியோடு ஒட்டிவைக்கிறார்கள். அதைப் படம் பிடித்து வழியில் காட்டிக் காட்டியே போய்ச் சேர்ந்தேன். மருந்தாளரம்மா சின்ன ஜன்னல் வழியாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுத்தார். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தண்ணீர் பாட்டிலைக் காட்டி இரண்டு விரலை நீட்டினார். ஓர் ஊரின் அக்கறை என்றால் எனக்கு இப்போது ஞாபகம் வருவது அந்தக் கடை வாசலில் ஒட்டியிருந்த காகிதம்தான்.

ஹனோயில் சாப்பாட்டுக்குத் துணையே தேவையில்லை. அங்கே சாப்பாட்டின் அளவே ஒரு கிண்ணம், ஒரு ஆள். ப்ளாஸ்டிக் முக்காலியில் முன்பின் தெரியாதவர்களோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஃபோ நூடுல்ஸ் உறிஞ்சலாம். நான் சாப்பிட்ட கடைகளில் கல்லாவிலும் அடுப்படியிலும் பெண்கள்தான். 'சாய்' என்று எழுதியிருந்தால் சைவம். ஆனால் பழைய பேட்டையில் நடக்கத்தான் முடியாது. நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். பாதசாரிகள் சாலையில் இறங்கித்தான் ஆகவேண்டும். கண் தெரியாதவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் அந்தத் தெருக்களில் என்ன செய்வார்கள்? விடிகாலையில் ஹோன் கியெம் ஏரிக்கரை மட்டும் நடப்பவர்களுடையது. அறுபது, எழுபது வயதுப் பெண்கள் ஸ்பீக்கர் வைத்து வரிசையாக நடனம் ஆடுகிறார்கள். வேடிக்கை பார்த்த என்னையும் ஒரு பாட்டி கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்துவிட்டார்.

தனியாகப் போவது எல்லா நேரமும் சுகம் என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை கஷ்டம். எல்லாரும் யாரையோ பார்க்கப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தை அறையில் கழிக்காதீர்கள். படகு, ஏரிக்கரை, சந்தை என்று ஜனங்கள் நடமாடும் இடத்தில் இருங்கள்.

முதல்முறை தனியாகக் கிளம்ப நினைக்கும் பெண்கள் தாஷ்கண்டில் தொடங்கலாம். இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். அடுத்து இஸ்தான்புல், ஆனால் கடிக்கோய் பக்கம் தங்குங்கள்.

நம்மூர் டிராவல்ஸ் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் விளம்பர விலையெல்லாம் 'ட்வின் ஷேரிங்' விலை, அதாவது இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்தால் ஆகும் விலை. தனியாக வருகிறவர் என்றால் அதன்மேல் பெரிய தொகை சேர்க்கிறீர்கள். கணவரை இழந்தவர்கள், திருமணம் வேண்டாம் என்றவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் என்று ஊர் பார்க்க ஆசையுள்ள பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒற்றைக் கட்டில் அறைகளைப் பேசி முடித்து, அவர்களுக்கும் ஒரு நியாயமான விலை வையுங்கள்.