கட்டைவிரல் வலி: மருத்துவரின் கை தேடுவது என்ன?

பாட்டில் மூடியைத் திருகினால் சுருக்கென்கிறது. தேங்காய் துருவ முடிவதில்லை, ஈரத்துணி பிழிய முடிவதில்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு வரும் தொல்லை இது. எலும்பு மருத்துவரிடம் போனால் 'மணிக்கட்டு வலி' என்றுதான் சொல்வார்கள். மருத்துவர் தொட்டுப் பார்ப்பதோ அதற்குச் சற்று முன்னால், கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தை.

அங்கே ட்ரபீசியம் என்ற சிற்றெலும்பின் மேல் கட்டைவிரலின் அடி எலும்பு உட்கார்ந்திருக்கிறது. ஒரு சேணத்தின் மேல் இன்னொன்றைக் குறுக்காகக் கவிழ்த்தது போன்ற மூட்டு. கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியைத் தொட முடிவது இதனால்தான். இவ்வளவு அசைவுக்கு இடம் கொடுக்கும் மூட்டு கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். இழுத்துப் பிடித்திருப்பவை ஜவ்வுகள். விரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளினால் இந்த மூட்டில் சுமார் 12 கிலோ ஏறுகிறது என்று 1977-இல் கூனி, சாவ் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தேய்மானம் இங்கே வருவதில் வியப்பில்லை.

பரிசோதனை கண்ணில் தொடங்குகிறது. நோய் முற்றிய கையில் கட்டைவிரலின் அடி சதுரமாகப் புடைத்துத் தெரியும். பிறகு அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பார்கள். அடுத்தது, பாடப்புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் கிரைண்ட் டெஸ்ட். மருத்துவர் ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டைவிரலின் அடி எலும்பை ட்ரபீசியத்தை நோக்கி அழுத்தியபடியே சுழற்றுவார். வலித்தாலோ, உள்ளே நறநறவென்று உரசினாலோ தேய்மானம் என்று பொருள்.

வலிக்காவிட்டால்? அங்கேதான் சிக்கல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கெல்பர்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 44 பேரைத்தான் இந்தச் சோதனை கண்டுபிடித்தது. வேறு ஆய்வுகளில் கணக்கு மாறினாலும், பலரை இது தவறவிடுகிறது என்பதில் மாற்றமில்லை. வலித்தால் நம்பலாம், வலிக்கவில்லை என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

அதே குழு வேறு இரண்டு சோதனைகளை முன்வைத்தது. ஒன்றில், கட்டைவிரலின் அடி எலும்பு ஆள்காட்டி விரலின் எலும்புக்கு இணையாக வரும்வரை அதை உள்ளங்கைப் பக்கம் அழுத்துகிறார்கள். இன்னொன்றில், விரலை எதிர்ப்பக்கமாக முழுதும் விரிக்கிறார்கள். மூட்டின் அடியில் வலித்தால் சோதனை நேர்மறை. இவை 100-க்கு 94 பேரைப் பிடித்தன. நடுவிலிருந்து அழுத்தி அரைப்பதைவிட, மூட்டை அதன் எல்லை வரை தள்ளி ஜவ்வை இழுத்துப் பார்ப்பது கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். புதிய சோதனையை உருவாக்கியவர்களே சோதித்துச் சொன்ன எண்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆள்மாறாட்டம் செய்யும் நோய் ஒன்றும் உண்டு: டி கெர்வேன் நோய். கைக்குழந்தையைத் தூக்கும் இளம் தாய்மாரிடம் அதிகம் பார்க்கலாம். இதில் பழுது தசைநாண் உறையில். வலி இன்னும் மேலே, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க ஓரத்தில். கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டியாக்கிச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையைப் பலர் வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். ஃபிங்கெல்ஸ்டைன் சோதனை என்று அதை அழைத்தாலும், அவர் 1930-இல் எழுதியது மருத்துவரே கட்டைவிரலைப் பிடித்து இழுக்கும் முறை. முட்டி மடக்குவது ஐக்கோஃப் என்பவருடையது. இந்த முட்டிச் சோதனை, தேய்ந்த மூட்டு உள்ளவரையும் அலறவைக்கும். அதனால் 'வலித்தது' என்பது போதாது. எந்த இடத்தில் என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா? ஈட்டன், லிட்லர் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1973-இல் வகுத்த நான்கு நிலைகளை வைத்துத்தான் இன்றும் படம் படிக்கிறார்கள். ஆனால் படத்துக்கும் வலிக்கும் பொருத்தம் குறைவு. நான்காம் நிலை மூட்டுடன் நிம்மதியாகச் சப்பாத்தி தேய்ப்பவர்களும் உண்டு. அப்படி ஒருவர் கைவலி என்று வந்து, இந்தச் சோதனைகள் எதிலும் வலிக்கவில்லை என்றால், மருத்துவரின் அடுத்த கேள்வி வேறு திசையில் போகும்: "ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகிறதா?"