எதிர்ப்பு என்னும் சொல்லும் டிங்கி தரும் பாடமும்

'நோய் எதிர்ப்புச் சக்தி' என்பது இன்று தமிழில் மிகுதியாகப் புழங்கும் தொடர்களுள் ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் விற்கும் சத்துமாவுப் பொட்டலத்தில் அதைக் காண்கிறோம். கிள்ளானில் நாட்டு மருந்துக் கடையின் அறிவிப்பிலும், வானொலி விளம்பரத்திலும் அதுவே. எங்கு வந்தாலும் அதனை அடுத்து வரும் வினை 'அதிகரிக்கும்' என்பதாகவே உள்ளது. சக்தி என்று பெயரிட்டுவிட்டால் அது கூடுவது நன்மை, குறைவது தீமை என்ற எண்ணம் தானே வந்துவிடுகிறது. ஆனால் நாம் வாழும் இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் பரவும் டிங்கிக் காய்ச்சல் அவ்வெண்ணத்திற்கு அடங்குவதில்லை. மருத்துவர் அல்லாத நாம் இப்பொருளைப் பற்றி உரைப்பதற்கு உள்ள உரிமை, சொல்லின் வழியே வருவது. ஒரு சொல் தவறான படத்தை மனத்தில் வரையும்போது அதைச் சுட்டிக்காட்டுவது மொழியியலாரின் கடமை.

2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டதாகப் பதிவாயிற்று. 182 பேர் உயிரிழந்தனர். அந்நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் சிலாங்கூர் மாநிலத்தவர். எனவே இது நம் வாசலில் நிற்கும் பொருள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இம்யூனிட்டி எனப்படும் சொல் இலத்தீன் மொழியில் மருத்துவச் சொல்லாகப் பிறந்ததன்று. உரோமானிய அரசில் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விலக்குப் பெற்றவனை அம்மொழி 'இம்யூனிஸ்' என்றது. 'மூனுஸ்' என்றால் கடமை. அக்கடமையைச் சேர்ந்து சுமப்போரைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கம்யூனிட்டி' வந்தது. ஆக, நோயின் வரியைக் கட்டாமல் தப்பியவன் என்பதே அச்சொல்லின் ஆதிப் பொருள். அதில் போர் இல்லை, சக்தியும் இல்லை.

நம் நாட்டு மலாய் மொழியில் 'டாயா தாஹான்' என்பர். தாங்கும் ஆற்றல் என்பது அதன் பொருள். 'லாலி' என்றொரு சொல்லும் உண்டு; மரத்துப்போதல், உணராதிருத்தல் என்பது அதன் அடிப்படை. அதிலிருந்து 'பெலாலியான்' என்ற தடுப்பூசிச் சொல் அமைந்தது. இந்தோனேசியரோ, ஆயுதம் பாயாத உடம்பைக் குறிக்கும் 'கெபால்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டனர். தாங்குவது, மரத்துப்போவது, துளைபடாதிருப்பது என ஒரே பொருளுக்கு மூன்று படங்கள்.

தமிழுக்குள்ளும் இவ்வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தடுப்பாற்றல்' என்றும் 'நோய்த்தடைக்காப்பு' என்றும் எழுதுகின்றன. இலங்கைத் தமிழர் 'நிர்ப்பீடனம்' என்றனர். பீடனம் என்பது துன்பம், நிர் என்பது இன்மை. அவர்கள் 'பிறபொருளெதிரி' என்பதைத் தமிழ்நாட்டார் 'எதிர்ப்பொருள்' என்கின்றனர். நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் கற்று, இடைநிலைப்பள்ளியில் அதே பொருளை 'அந்திபோடி' என்ற மலாய் வடிவில் சந்திக்கிறார். அதற்குள் அவர் மனத்தில் பதிந்திருக்கும் படம் பெரும்பாலும் கடைவீதித் தொடர் தந்த படமே.

இனி உடலுக்குள் நிகழ்வதைக் காண்போம். ஏடிஸ் கொசு கடிக்கும்போது டிங்கி வைரஸ், அதாவது நச்சுயிரி, தோலுக்குள் புகுகிறது. அங்கே காவல் இருக்கும் உயிரணுக்கள் வந்தது இன்னதென்று அறியாமலே, அயலது என்ற அளவில் எச்சரிக்கை எழுப்புகின்றன. இன்டர்ஃபெரான் என்னும் புரதம் பரவி அண்டை உயிரணுக்களைக் கதவடைக்கச் செய்கிறது. காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் இந்த எச்சரிக்கையின் விளைவுகளே. சில நாள்கள் கழித்து இரண்டாம் அணி வருகிறது. இவ்வணியினர் வந்தவனின் அடையாளம் அறிந்தவர். பி உயிரணுக்கள் நச்சுயிரியின் மேற்பரப்பு வடிவத்திற்குப் பொருந்தும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. டி உயிரணுக்கள் நச்சுயிரி புகுந்த உயிரணுக்களைத் தேடி அழிக்கின்றன. நோய் நீங்கியபின் இவர்களுள் சிலர் நினைவு உயிரணுக்களாக உடலிலேயே தங்கிவிடுகின்றனர். அம்மை கண்டு மீண்டவரை அம்மை கண்ட வீட்டில் பணிவிடைக்கு அமர்த்திய நம் முன்னோர் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

எதிர்ப்பொருளை ஆயுதம் என்று மட்டும் கருதினால் அதன் மற்றொரு தன்மை மறைந்துவிடும். அது ஒரு பதிவு. கல்வெட்டு அரசன் மறைந்தபின்னும் அவன் வந்துபோனதைச் சொல்வதுபோல, எதிர்ப்பொருள் நச்சுயிரி மறைந்தபின்னும் அதன் வருகையைச் சொல்கிறது. இப்பதிவைப் படிக்கும் கலையில் கோலாலம்பூருக்குச் சிறப்பான இடம் உண்டு. 1900இல் இங்கே தொடங்கப்பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1950களில் கோர்டன் ஸ்மித் என்பார் பணியாற்றினார். மலாயாக் காட்டின் உச்சிக் கிளைகளில் வாழும் குரங்குகளின் இரத்தத்தில் டிங்கி எதிர்ப்பொருள் இருப்பதை அவர் கண்டார். மனிதர் வாழாத இடத்தில் அந்நோயின் சுவடு! பின்னர் ஆல்பர்ட் ருட்னிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் மரவுச்சி மேடைகளில் குரங்குகளை வைத்துக் காத்திருந்து, காட்டு டிங்கி நச்சுயிரியையே பிரித்தெடுத்தார். நகரத்து நோய் என்று நாம் கருதும் டிங்கிக்குக் காட்டில் ஒரு பழைய வீடு உண்டு என்பது இந்நாட்டு ஆய்வால் உலகம் அறிந்த செய்தி.

இப்போது சிக்கலுக்கு வருவோம். டிங்கி நச்சுயிரி ஒன்றன்று. நெருங்கிய உறவுடைய நான்கு வகைகள். ஒரு வகை வந்து சென்றால் அதே வகைக்கு எதிரான காப்பு வாழ்நாள் முழுதும் நிலைக்கிறது. மற்ற மூன்றுக்கு எதிராகவும் சில மாதங்கள் காப்பு இருக்கும்; பின்னர் அது தேயும். தேய்ந்த நிலையில் வேறொரு வகை புகுந்தால், பழைய எதிர்ப்பொருள் அதனை ஓரளவு அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிறது. ஆனால் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு இறுகப் பொருந்துவதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டிய எதனையும் விழுங்குவதற்கென்றே அமைந்த உயிரணுக்கள் நம் உடலில் உள்ளன. அவை இந்தச் சேர்க்கையையும் விழுங்குகின்றன. டிங்கி நச்சுயிரி பெருகும் இடமோ அதே விழுங்கும் உயிரணுக்கள்தாம். வெளியே அலைந்து வழி தேடியிருக்க வேண்டிய பகைவன், காவலர் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறான்.

இவ்விடத்தில் 'எதிர்' என்ற வேரைச் சற்று உற்று நோக்கலாம். எதிர்த்தல் மட்டுமா அதன் பொருள்? எதிர்பார்த்தல் உண்டு, எதிர்காலம் உண்டு, மணவீட்டு வாசலில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்தலும் உண்டு. இரண்டாம் டிங்கியில் எதிர்ப்பொருள் செய்வது ஏறத்தாழ இந்த எதிர்கொண்டு அழைத்தலே. ஆதலால் எதிர்ப்பொருள் என்ற சொல்லை நாம் குறைகூற மாட்டோம். அதன் வேர் இரு பக்கமும் பார்க்கிறது. குறை, அதனுடன் ஒட்டவைத்த 'சக்தி'யிலேதான் இருக்கிறது.

இது வெறும் ஊகமாகத் தொடங்கியதன்று. 1960களில் பாங்காக்கில் ஆய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட், கடும் டிங்கி கண்ட பிள்ளைகள் இரு வகையினர் என்று கவனித்தார். முன்பே ஒருமுறை டிங்கி கண்டவர்கள் ஒரு வகை. முதல் தொற்றே கண்ட கைக்குழந்தைகள் மற்றொரு வகை. கைக்குழந்தைக்கு முந்தைய தொற்று ஏது? தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தைக்குள் சென்றிருக்கிறது. பிறந்த புதிதில் மிகுதியாக இருக்கும்போது அது காக்கிறது. மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்து, ஓர் இடைப்பட்ட அளவில் நிற்கும்போது தீங்காகிறது. கியூபாத் தீவு இதனை இன்னும் தெளிவாகக் காட்டியது. 1977இல் அங்கே முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர். 1997இல் சாந்தியாகோ தெ கூபா நகரில் இரண்டாம் வகை மீண்டும் தோன்றியது. அப்போது கடுமையாக நோயுற்றோர் ஏறத்தாழ அனைவரும் முன்பே டிங்கி கண்ட பெரியவர்கள். முதல் வகையைக் காணாத பிள்ளைகள் கடும் நோய்க்கு ஆளாகவில்லை. இருபது ஆண்டுக்கால நினைவு, காக்க வேண்டிய இடத்தில் காட்டிக்கொடுத்தது.

2017இல் வெளிவந்த நிக்கராகுவா ஆய்வு இதற்கு அளவைக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் இரத்தத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தவர்கள், எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ளோர் காக்கப்படுவதையும், இடைப்பட்ட ஒரு குறுகிய அளவில் உள்ளோருக்குக் கடும் டிங்கியின் வாய்ப்பு ஏழு மடங்கிற்கு மேல் உயர்வதையும் கண்டனர். எதிர்ப்பொருள் அறவே இல்லாதவர் நிலை இவ்விடைப்பட்டவரைவிட மேலானது. 'கூடக்கூட நன்று' என்ற ஏணிப்படம் இங்கே உடைந்துவிடுகிறது. மேலே நலம், கீழேயும் ஓரளவு நலம், நடுவே பள்ளம். அதே வேளையில், இரண்டாம் முறை டிங்கி கண்டாருள் பெரும்பாலோர் நலமாகவே மீள்கின்றனர் என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். அச்சமூட்டுவது நம் நோக்கமன்று.

டிங்கியின் போக்கில் ஒரு விந்தை உண்டு. வகுப்பறையில் இதைக் கட்டாயம் பேச வேண்டும் என்பது நம் கருத்து. காய்ச்சல் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் தணிகிறது. இரத்தத்தில் நச்சுயிரியும் அப்போது வேகமாகக் குறைகிறது. 'காய்ச்சல் விட்டது' என்று வீட்டார் மகிழும் அந்நாளில்தான், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுகிறது. இரத்தம் செறிவடைகிறது, நாடி தளர்கிறது. நச்சுயிரி விலகும் வேளையில் நோய் முற்றுகிறது என்றால், அந்தச் சேதத்தில் பெரும்பங்கு உடலின் எழுச்சியால் விளைந்தது என்பதே பொருள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி, எழ முடியாத சோர்வு ஆகியவை காய்ச்சல் தணிந்தபின் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்கு எதிராகவே அனைத்தையும் அளக்கும் பழக்கம், இந்த நாளில் நம்மை ஏமாற்றுகிறது.

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்காதவர் இருக்க மாட்டார். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 டிங்கி நோயாளரிடம் அதனைச் சோதித்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. சாறு அருந்தியவருக்கு இரத்தத் தட்டணுக்கள் விரைவாகக் கூடின என்றது அவ்வாய்வு. பாட்டி வைத்தியத்தை ஆய்வுக்கு உட்படுத்தியது பாராட்டத்தக்க செயல். ஆனால் அளக்கப்பட்டது தட்டணு எண்ணிக்கை. டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர்ப்பகுதிக் கசிவு. ஒன்று கூடியதால் மற்றது நின்றது எனக் கொள்ள இயலாது. இலைச்சாற்றைக் குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவோரை எண்ணியே இதனைச் சொல்கிறோம்.

தடுப்பூசியிலும் இதே முடிச்சு இறுகியது. பிலிப்பீன்ஸ் நாட்டில் 2016இல் தொடங்கி எட்டு இலட்சத்திற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்னும் ஊசி போடப்பட்டது. முன்பு டிங்கி காணாத பிள்ளைகளுக்கு அவ்வூசி பின்னர் கடும் நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2017 நவம்பரில் உற்பத்தியாளரே அறிவித்தார். ஊசியே முதல் தொற்றின் இடத்தில் நின்றுவிட்டது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். மறு ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், முன்தொற்று உண்டா எனச் சோதித்துப் போடும் முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்நாட்டில் ஐயம் மற்ற ஊசிகள் மீதும் படர்ந்தது. 2019இல் அங்கே தட்டம்மை பெருகியதற்கு அவ்வையமும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. தட்டம்மை ஊசியின் நிலை வேறு. தட்டம்மை நச்சுயிரிக்கு நான்கு முகங்கள் இல்லை. ஒருமுறை பெற்ற நினைவு முழுமையாகப் பொருந்துகிறது. 'எதிர்ப்புச் சக்தி' என்ற ஒரே உறைக்குள் இரண்டையும் இட்டவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கச் சொல்லே இல்லாமற் போயிற்று.

சொல்லாக்கத்தில் நம் பரிந்துரை எளியது. அமைப்பு முழுவதையும் 'நோய்க்காப்பு' எனலாம். 'கா' என்ற வேரிலிருந்தே காத்தலும் வருகிறது, காத்திருத்தலும் வருகிறது. நினைவு உயிரணுக்கள் ஆண்டுக்கணக்கில் செய்வது காத்திருத்தல். 'காப்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'அதிகரிக்கும்' என்ற வினை எளிதில் ஒட்டாது. 'பொருந்தும்', 'பொருந்தாது', 'நிலைக்கும்', 'தேயும்' என்பனவே ஒட்டும். டிங்கியை விளக்க வேண்டிய வினைகளும் அவையே. எதிர்ப்பொருள் என்பது அப்படியே இருக்கட்டும். இலங்கைச் சொற்களையும் மாணவர் அறிந்திருப்பது நல்லது. நிர்ப்பீடனம் வடமொழி என்பதற்காக அதை ஒதுக்குவோர் 'சக்தி'யும் வடமொழியே என்பதை மறந்துவிடுகின்றனர்.

காப்பை மனித உடலுக்கு வெளியே வைக்கும் முயற்சியும் இங்கேயே நடந்துவருகிறது. முன்குறித்த அதே ஆய்வுக் கழகத்தார், வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை ஷா ஆலமிலும் கெராமாட்டிலும் வளரவிட்டனர். அந்நுண்ணுயிர் தங்கிய கொசுவின் உடலில் டிங்கி நச்சுயிரி எளிதில் பெருகுவதில்லை. கொசுக்கள் விடப்பட்ட இடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் அவர்கள் அறிவித்தனர். மனிதனுக்காகக் கொசு பெற்றிருக்கும் இக்காப்புக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் இல்லை. 'காப்புக் கொசு' என்று நாம் சொல்லிப் பார்க்கிறோம். இதனினும் நல்லதை ஆசிரியர்களும் மாணவர்களும் தரக்கூடும்.