உப்பு மூட்டையும் சீசியமும்

ஈக்காட்டுத்தாங்கலில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் போர் தண்ணிதான். பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அதனால் மோட்டார் ரூமில் ஒரு சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அதற்கு உப்பு கரைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "தண்ணில இருக்கற உப்பை எடுக்க எதுக்கு சார் இன்னும் உப்பு போடறோம்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால், அணுக்கழிவிலிருந்து கதிரியக்கத் தனிமங்களைப் பிரிக்கும் வித்தை பாதி புரிந்த மாதிரி.

சாஃப்ட்னர் தொட்டிக்குள் கடுகு அளவில் ரெசின் மணிகள் இருக்கின்றன. மணிக்குள் அசையாத எதிர்மின்னேற்ற இருக்கைகள். அவற்றில் சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். தண்ணீரோடு வரும் கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் இரட்டை மின்னேற்றம். அவை இன்னும் இறுக்கமாக ஒட்டும் என்பதால் சோடியத்தைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எல்லா இருக்கையும் நிறைந்ததும் கெட்டியான உப்புக் கரைசலை ஊற்றுகிறோம். இப்போது சோடியம் கூட்டமாக வந்து, எண்ணிக்கை பலத்தாலேயே கால்சியத்தை வெளியே தள்ளிவிடும். இதுதான் அயனிப் பரிமாற்றம்.

இனி கல்பாக்கம். சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். எரிந்து முடிந்த அணு எரிபொருளை மறுசெயலாக்கம் செய்யும் ஆலை அங்கே 1998-ல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய ஆலைகளில் எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் அமிலத்தில்தான் கதிரியக்கத்தின் பெரும்பகுதி இருக்கும். அதுபோக, வீரியம் குறைந்த, ஆனால் அளவில் அதிகமான காரத்தன்மைக் கழிவும் உண்டு. அதில் முக்கிய வில்லன் சீசியம்-137. அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. தண்ணீரில் எளிதில் கரையும். உடம்பு அதைப் பொட்டாசியம் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். கூடவே கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியம்-90 இருக்கும். அது கால்சியம் வேஷத்தில் எலும்புக்குப் போகும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கழிவு முழுக்க சோடியம் உப்பு. சோடியத்துக்கும் சீசியத்துக்கும் ஒரே மின்னேற்றம். நம்ம வீட்டு ரெசின் சோடியக் கூட்டத்தில் திணறிப்போகும். லட்சக்கணக்கான சோடியத்துக்கு நடுவே ஒரு சீசியத்தை அடையாளம் காண வேண்டும்.

இதற்காக பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கியது ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடு ரெசின். காரக் கரைசலில் அதன் ஹைட்ராக்சில் குழுக்கள் ஹைட்ரஜனை இழந்து இருக்கைகளாகின்றன. கரைசலில் ஒவ்வொரு அயனியும் நீர் மூலக்கூறுகளைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டிருக்கும். சோடியம் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். பெரிய அயனியான சீசியத்துக்கு அந்தப் பிடி தளர்வு. சட்டையைக் கழற்றிவிட்டு நெருக்கமாக உட்கார அதனால் முடிகிறது. பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலத்தை விட்டால், ஹைட்ரஜன் வந்து சீசியத்தை இறக்கிவிடும். தொட்டி தொட்டியாக இருந்த கதிரியக்கம் சின்ன அளவு திரவத்துக்குள் வந்துவிடும். ரெசினை மறுபடி பயன்படுத்தலாம். தாராப்பூரில் இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் 1985 முதல் கிளினோப்டிலோலைட் என்ற இயற்கைக் கனிமத்தை இதே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. ஃபுகுஷிமாவில் சீசியம், ஸ்ட்ரான்ஷியம் எல்லாம் வடிகட்டிய பிறகும் டிரிட்டியம் மிஞ்சியது. அது தண்ணீரில் கரைந்த உப்பல்ல, தண்ணீர் மூலக்கூறாகவே இருப்பது. ரெசின் எதைப் பிடிக்கும்?

இங்கேதான் கவனிக்க வேண்டும். இவ்வளவு செய்தும் ஒரு சீசியம் அணுகூட அழியவில்லை. வேதியியல் அணுக்கருவைத் தொடாது. இடம் மாற்றும், சுருக்கும், அவ்வளவுதான். எங்கள் சாஃப்ட்னர் கழுவின உப்புத் தண்ணி சாக்கடைக்குப் போகிறது, அங்கிருந்து அடையாறு. சீசியத்தை அப்படி விட முடியாது. கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலனில் அடைத்துக் காவல் காக்க வேண்டும்.

எவ்வளவு நாள்? பத்து அரை ஆயுள், அதாவது 300 ஆண்டு கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். 300 ஆண்டு என்றால் எவ்வளவு என்று பார்க்க எனக்குப் பக்கத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் மர்மலாங் பாலத்தைக் கட்டியது 1726-ல். அந்தப் பாலம் இன்று இல்லை. அதே இடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. பாலத்தைவிடக் கூடுதல் நாள் கலன் தாங்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும்.

பிரித்தெடுத்த சீசியம் வெறும் சுமை மட்டுமல்ல. ட்ராம்பேயில் கழிவிலிருந்து அதை எடுத்து (அங்கே ரெசினுக்குப் பதில் கரைப்பான் முறை) கண்ணாடிப் பென்சில்களாக வார்க்கிறார்கள். எதிர்ப்பு சக்தி குன்றிய நோயாளிகளுக்கு ஏற்றும் ரத்தத்தை இதன் கதிரில் காட்டினால், கொடையாளரின் வெள்ளணுக்கள் பெருகி நோயாளியைத் தாக்காமல் தடுக்கலாம். ஏன் கண்ணாடி? 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். உள்ளே இருந்தது கரையக்கூடிய சீசியம் குளோரைடுத் தூள். ஊரெல்லாம் பரவி நான்கு பேர் இறந்தார்கள். கண்ணாடி அப்படிக் கரைந்து பரவாது.

அண்ணனிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன்: "அது எங்கயும் போயிடல அண்ணே, இடம்தான் மாறுது."

"அப்ப மாறின இடத்துல யாரு சார் பாத்துக்கறது?"

'99 சதவீதம் நீக்கிவிட்டோம்' என்று எங்கே படித்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எங்கள் சாஃப்ட்னர் உட்பட.