பெத்பேஜ் பொதுக் குழிப்பந்தாட்டக் களங்கள்

பெத்பேஜ் பொதுக் குழிப்பந்தாட்டக் களங்கள் என்பவை ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் தீவில் உள்ள பெத்பேஜ் மாநிலப் பூங்காவில் அமைந்த ஐந்து குழிப்பந்தாட்டக் (கோல்ஃப்) களங்கள் ஆகும். இவை நியூயார்க் மாநில அரசுக்குச் சொந்தமானவை. உறுப்பினர் உரிமை எதுவுமின்றி, கட்டணம் செலுத்தும் எவரும் இங்கு விளையாடலாம். ஐந்தில் மிகக் கடினமானதும் புகழ் பெற்றதும் கறுப்புக் களம் ஆகும். 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் போட்டி இங்கு நடைபெற்றது. அரசுக்குச் சொந்தமாகவும் அரசால் நடத்தப்படுவதாகவும் உள்ள ஒரு களத்தில் அப்போட்டி நடந்தது அதுவே முதன்முறை.

குழிப்பந்தாட்டம் பல நாடுகளில் செல்வந்தரின் விளையாட்டாகவே கருதப்படுகிறது. பரந்த நிலம், இடையறாத புல் பராமரிப்பு, பெருமளவு நீர் ஆகியவை தேவைப்படுவதால், தனியார் கழகங்கள் சேர்க்கைக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் பெற்று உறுப்பினருக்கு மட்டுமே இடமளிக்கின்றன. இதற்கு மாறாக, ஊராட்சியோ மாநிலமோ நிலத்தை உரிமையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக்கட்டணம் பெறுவது பொதுக் களத்தின் முறையாகும். இம்முறைக்குப் பெத்பேஜ் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. "மக்களின் கழகம்" என்னும் பொருள்படும் பட்டப்பெயரும் இதற்கு உண்டு.

அமைவிடம்

பூங்கா ஏறத்தாழ 1,500 ஏக்கர் பரப்புடையது. இதன் பெரும்பகுதி நாசோ கவுண்டியிலும் எஞ்சிய பகுதி சஃபோக் கவுண்டியிலும் உள்ளது. நியூயார்க் நகரின் மன்ஹாட்டனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே அமைந்துள்ளது. அருகிலுள்ள ஃபார்மிங்டேல் நிலையம் வரை தொடருந்தில் வரலாம். குழிப்பந்தாட்டம் தவிர போலோ, நடைப்பயணம், மிதிவண்டி ஓட்டம் ஆகியவற்றுக்கும் பூங்காவில் இடம் உண்டு.

வரலாறு

இங்கு முதலில் இருந்தது லெனாக்ஸ் ஹில்ஸ் என்னும் தனியார் கழகத்தின் களமாகும். டெவ்ரோ எம்மெட் வடிவமைத்த இக்களம் 1923 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1930களின் முற்பகுதியில் லாங் தீவின் பூங்காத் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் மோசஸின் முயற்சியால் இந்நிலமும் இதனை அடுத்திருந்த நிலங்களும் பொதுப் பயன்பாட்டிற்குக் கொண்டுவரப்பட்டன. தனியார் களமாக இருந்தது பச்சைக் களம் எனப் பெயர் பெற்றது.

அக்காலம் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலமாகும். வேலையிழந்தோருக்கு அரசு செலவில் வேலை வழங்கும் திட்டத்தின் கீழ் புதிய களங்களும் கழகக் கட்டடமும் அமைக்கப்பட்டன. சிவப்பு, நீலக் களங்கள் 1935 இலும், கறுப்புக் களம் 1936 இலும் திறக்கப்பட்டன. மஞ்சள் களம் 1958 இல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு களத்திலும் 18 குழிகள் உள்ளமையால் மொத்தக் குழிகளின் எண்ணிக்கை 90 ஆகும்.

கறுப்புக் களத்தை வடிவமைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. புகழ்பெற்ற களவடிவமைப்பாளர் ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்டே இதனை வடிவமைத்தார் என்பது பரவலான கருத்து. பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஜோசஃப் பர்பெக்கிற்கே பெரும்பங்கு உண்டு என்பது மற்றொரு கருத்து.

பிற்காலத்தில் போதிய பராமரிப்பின்றிக் கறுப்புக் களத்தின் தரம் குறைந்தது. 2002 போட்டிக்கு இக்களம் தெரிவு செய்யப்பட்ட பின்னர், ரீஸ் ஜோன்சின் மேற்பார்வையில் 1990களின் இறுதியில் இது சீரமைக்கப்பட்டது. சீரமைப்புச் செலவை ஐக்கிய அமெரிக்கக் குழிப்பந்தாட்டச் சங்கம் ஏற்றது.

கட்டணமும் இடம்பெறும் முறையும்

மாநில மக்களின் வரிப்பணத்தில் உருவான களம் என்பதால் நியூயார்க் மாநிலத்தில் வசிப்போருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. கறுப்புக் களத்தில் அவர்களுக்கான ஒரு சுற்றுக் கட்டணம் 2025 ஆம் ஆண்டிலும் 100 டாலருக்குக் குறைவாகவே இருந்தது. மற்ற நான்கு களங்களில் இதனினும் குறைவு. பிற மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் கறுப்புக் களத்தில் இரு மடங்கோ அதற்கு மேலோ செலுத்த வேண்டும். ஒப்பீட்டுக்கு, பொதுமக்களுக்குத் திறந்துள்ள தனியார் களமான கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 2024 இல் ஒரு சுற்றுக்கு 600 டாலருக்கும் மேல் பெறப்பட்டது.

கட்டணம் குறைவாக இருப்பதால் போட்டி மிகுதி. ஆட்டம் தொடங்கும் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும். மாநிலத்தவருக்கு முன்பதிவு முந்தியே திறக்கப்படுகிறது. முன்பதிவு கிடைக்காதோருக்காக ஒவ்வொரு நாளும் சில நேரங்கள் ஒதுக்கப்படுகின்றன. இவற்றைப் பெற முதல் நாளே வந்து, எண்ணிடப்பட்ட வண்டி நிறுத்துமிடத்தில் மகிழுந்தை நிறுத்தி, இரவு முழுவதும் அதிலேயே உறங்கிக் காத்திருப்பது இங்குள்ள நீண்டகால வழக்கம். பணத்தைவிடப் பொறுமையே இடத்தைப் பெற்றுத்தரும் இந்த வரிசை, பெத்பேஜின் தனி அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஒரு சுற்று ஆடும் முறை

ஒரு சுற்று என்பது 18 குழிகளையும் வரிசையாக ஆடி முடிப்பதாகும். ஆட்டக்காரர் பொதுவாக நால்வர் கொண்ட குழுவாகச் செல்வர். தனியாகவோ இருவராகவோ வருவோரை முன்பின் அறியாத பிறருடன் சேர்த்து அனுப்புவது பொதுக் களங்களின் வழக்கம். இதனால் வெவ்வேறு தொழிலையும் வருவாயையும் உடையோர் பல மணி நேரம் ஒன்றாக நடக்க நேர்கிறது.

ஒவ்வொரு குழியும் டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து ஆரம்பமாகிறது. அங்கிருந்து சீராக வெட்டப்பட்ட புல்வெளி நீளும். அதன் இரு மருங்கிலும் உயர்ந்த புல்லும் மணற்குழிகளும் இருக்கும். இறுதியில் மிகக் குட்டையாக வெட்டப்பட்ட மென்புல் தரையில் குழி உள்ளது. திறமையான ஆட்டக்காரர் ஒருவர் ஒரு குழியை முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை "பார்" எனப்படும். இது பெரும்பாலும் 3, 4 அல்லது 5 ஆகும். பாரைவிட ஓர் அடி குறைவாக முடித்தால் "பேர்டி", ஓர் அடி கூடினால் "போகி". மொத்த அடிகள் எவருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். ஒருவர் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம். காணாமற்போன பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடங்களே அனுமதிக்கப்படுகின்றன. அதற்கு முன்னர் 5 நிமிடங்கள்.

நாள்தோறும் பலர் ஆடும் களம் என்பதால் சில நெறிகள் இன்றியமையாதவை. மட்டையால் பெயர்ந்த புல்துண்டை மீண்டும் அதன் இடத்தில் வைப்பது, மணற்குழியிலிருந்து வெளியேறும்போது காலடித் தடத்தைச் சமன்செய்வது, பந்து விழுந்து மென்புல் தரையில் ஏற்பட்ட பள்ளத்தைச் சரிசெய்வது ஆகியன அவற்றுட் சில. மெதுவாக ஆடும் குழு பின்னால் வரும் வேகமான குழுவுக்கு வழிவிட வேண்டும். ஒரு குழு தாமதித்தால் அன்று பின்னால் வரும் அனைவரும் தாமதிக்க நேரும்.

கறுப்புக் களத்தின் கடினம்

கறுப்புக் களத்தின் முதல் டீ அருகே ஓர் எச்சரிக்கைப் பலகை உள்ளது. இக்களம் மிகக் கடினமானது என்றும், மிகத் திறமையானோருக்கு மட்டுமே பரிந்துரைக்கப்படுகிறது என்றும் அது அறிவிக்கிறது. எனினும் எவரும் தடுக்கப்படுவதில்லை. பலகைக்கு அருகில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்வது வருவோரின் வழக்கமாகியுள்ளது.

இக்களத்தில் மின்வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மேடு பள்ளங்களை நடந்தே கடக்க வேண்டும். மிகப் பின்புற டீக்களிலிருந்து இதன் நீளம் ஏறத்தாழ 7,400 யார். 4 ஆம் குழி குறுக்காக அமைந்த பெரிய மணற்குழிகளுக்கும், 15 ஆம் குழி செங்குத்தான ஏற்றத்தின் மேல் உள்ள மென்புல் தரைக்கும் பெயர் பெற்றவை. நீர்த்தடை மிகக் குறைவு. 8 ஆம் குழியில் ஒரு குளம் உள்ளது. எனவே இக்களத்தின் கடினத்திற்கு நீளமும் உயர்ந்த புல்லும் மணற்குழிகளுமே காரணம்.

முக்கியப் போட்டிகள்

2002 அமெரிக்க ஓப்பன்: டைகர் வுட்ஸ் 277 அடிகளில் வென்றார். பாருக்குக் குறைவாக முடித்தவர் இவர் ஒருவரே.
2009 அமெரிக்க ஓப்பன்: மழையால் தடைபட்டுத் திங்கட்கிழமை முடிந்தது. லூகாஸ் குளோவர் வென்றார்.
2019 பிஜிஏ வாகையர் போட்டி: புரூக்ஸ் கெப்கா வென்றார்.
2025 ரைடர் கிண்ணம்: ஐரோப்பிய அணி 15–13 என்ற கணக்கில் அமெரிக்க அணியை வென்றது.

சூழலியல் ஆய்வு

புல்வெளிப் பராமரிப்பில் பூச்சிக்கொல்லிகள் மிகுதியாகப் பயன்படுவது குழிப்பந்தாட்டக் களங்களின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. 2000களில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சைக் களத்தின் மென்புல் தரைகளில் பல்வேறு பராமரிப்பு முறைகளை ஒப்பிட்டனர். பொதுமக்கள் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருந்த களத்திலேயே இவ்வாய்வு நடந்தது சிறப்பாகும். இரசாயனங்களை முற்றிலும் தவிர்ப்பது கடினம் எனினும், ஒருங்கிணைந்த முறைகளால் அவற்றின் தீங்கைப் பெருமளவு குறைக்கலாம் என இது காட்டியது.

விவாதங்கள்

பெரும்போட்டிகளால் பூங்காவிற்குப் புகழும் பராமரிப்பும் கிடைத்தன. ஆனால் ஒவ்வொரு பெரும்போட்டிக்கும் முன்னும் பின்னும் கறுப்புக் களம் பொதுமக்களுக்கு மூடப்படுகிறது. புகழ் கூடக்கூட இடம் கிடைப்பதும் அரிதாகிறது. 2025 ரைடர் கிண்ணத்தின் ஆட்ட நாள் ஒன்றிற்கான நுழைவுச்சீட்டு ஏறத்தாழ 750 டாலருக்கு விற்கப்பட்டது. அதே களத்தில் ஆடுவதற்கு மாநிலத்தவர் செலுத்தும் கட்டணத்தை விட அதனைப் பார்ப்பதற்கான கட்டணம் பல மடங்காக இருந்தது விமரிசனத்திற்குள்ளானது. எனினும் உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பரிசுக்கு ஆடிய அதே புல்தரையில், சாதாரண வருவாயுடைய ஒருவர் தம் முறை வரும்போது ஆடலாம் என்பது பெத்பேஜை ஏனைய புகழ்பெற்ற களங்கள் பலவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது.